கப்பல் ரிப்ஸை முன்னுக்கே கட்டுவதோ, கையில் கொடுப்பதோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயிலால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன், ரொறன்ரோவிலிருந்து மகள் சுபா வட்சப்பில் எடுத்தாள். குரலில் பெரிய புழுகம், அப்படியொரு சந்தோசம்.

"அப்பா, நாங்கள் பிள்ளையளோடை கப்பல் பயணம் ஒண்டு போறம். ரிக்கற் போட்டாச்சு. ரிப்ஸ் காசை, அதுதான் வேலை செய்யிற ஆக்களுக்குக் குடுக்கிற சந்தோசக் காசை, இப்பவே சேர்த்துக் கட்டலாமாம், இல்லாட்டிக் கப்பலிலை பார்த்துக் குடுக்கலாமாம். நீங்கள்தானே கப்பலிலை இருந்தனீங்கள், எது நல்லது?"

நல்ல கேள்விதான். என்னுடைய வேலையைப் பற்றி என் பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். பதில் சொல்ல நான் வாயைத் திறக்க முதல் மருமகன் இடையில் வந்தார்.

"மாமா, எங்கடை குறூப்பிலை ஒராள் இதுக்கு நல்ல வழி ஒண்டு சொல்லியிருக்கிறார். கேட்டுப் பாருங்கோ" என்று ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்.

எங்கடை தமிழ்தான். நல்ல யாழ்ப்பாணத் தமிழ். "முன்னுக்குக் கட்டாதையுங்கோ. கடைசி நாள் கவுண்டருக்குப் போய் அறை துப்பரவில்லை, அது இது எண்டு ஒரு குறையைச் சொல்லுங்கோ. மறு கதை இல்லாமல் கழிச்சு விடுவாங்கள். பிறகு அறை துடைக்கிறவன்ரை கையிலை ஏதும் வைச்சு விடுங்கோ. அவனுக்கும் சந்தோசம், எங்களுக்கும் லாபம்." முடிவில் ஒரு சிரிப்பு.

நான் ஈரக் காலோடு அப்படியே கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

"மாமா? லைன் நிக்குதோ?" என்று மருமகன் கேட்கிறார்.

அந்தக் குரல்காரர் ஆரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன அந்த "அறை துடைக்கிறவன்" ஆரென்று தெரியும். அது நான்தான்.

எங்கள் சனசமூக நிலையத்தார் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கனநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல் வேலைக்குப் போக நிற்கிற பொடியங்களும் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படிப்பும் ஓ. எல். சோதினை வரைக்கும்தான். ஆனால் அன்றைக்கு மகளுக்கும் மருமகனுக்கும் ரெலிபோனில் சொன்ன கதையை அப்படியே எழுதலாம் என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் கப்பலுக்குப் போனது சும்மா ஆசைக்கில்லை. சண்டைக்குள் இடம்பெயர்ந்து, திரும்பி அரியாலைக்கு வந்து பார்த்தால் வீட்டில் சுவர் நாலும் நிற்குது, கூரை இல்லை. கொழும்பில் ஒரு கோட்டலில் கொஞ்சக் காலம் கட்டில் விரித்தேன். அங்கே வந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். நேர்முகத்தில் ஒரு கட்டிலை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன், எடுத்தார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான். ஊரில் "கப்பலிலை வேலை" என்றால் போதும், என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. கப்டனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்தார்களோ தெரியாது. நான் நின்றது ஒரு நீட்டு நடையின் ஓரத்தில், தள்ளுவண்டிலோடு. அந்த நடையில் இருக்கிற அறைகள் எல்லாம் என் பொறுப்பு. காலமை கட்டில் விரித்து, பாத்றூம் கழுவி, குப்பை எடுக்க வேண்டும். பின்னேரம் திரும்பப் போய்ப் போர்வையை மடித்துத் திறந்து வைத்து, குளிக்கிற துவாயை மடித்து யானையோ குரங்கோ செய்து கட்டிலில் இருத்த வேண்டும்.

நெற்றியில் திருநீறு பூச அங்கே விட மாட்டார்கள். குளித்துப்போட்டு நெஞ்சில் மூன்று குறி இழுத்து, அதற்கு மேல் யூனிபோம் சட்டையைப் போடுவேன். என் லொக்கர் கதவின் உட்பக்கத்தில் பிள்ளையார் படம். கதவைத் திறந்தால் கோயில், பூட்டினால் கப்பல்.

எங்கள் சுப்பவைசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் லோர்னா, பிலிப்பைன்ஸ் மனுசி. கட்டை உருவம், மெல்லிய குரல். நான் இருந்த காலம் முழுக்க அவ ஒருவரையும் உரத்து ஏசி நான் கேட்டதில்லை. அறையைப் பார்வையிட வந்தா என்றால் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுக் கட்டிலில் மல்லாக்கப் படுப்பா. "பயணி வந்து முதலில் செய்கிற வேலை இதுதான். அவருக்குத் தெரிவது உன்னுடைய நிலம் இல்லை, உன்னுடைய முகடு" என்பா. பிறகு எழும்பிப் போய் பாத்றூமில் கக்கூஸ் மூடியை மூடிவிட்டு அதன்மேல் இருந்து கதவின் பின்பக்கத்தைப் பார்ப்பா. பிழை கண்டால் வாய் திறக்க மாட்டா. அந்த இடத்து லைற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவா. நாங்கள் திரும்ப அறைக்குப் போகும்போது எந்த லைற் எரியுதோ, அந்த வெளிச்சத்துக்குள் ஏதோ பிழை. நாங்களாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல் லைற் எரிந்தால் கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம். கட்டில் தலைமாட்டு லைற் எரிந்தால் விரித்ததில் ஒரு சுருக்கம். எல்லாம் அணைந்து கிடந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பெருநாள்.

இனி ரிப்ஸ் கதை. எங்கடை பக்கத்தில் அதைச் சந்தோசம் குடுக்கிறது என்று சொல்லுவோம். கப்பலில் அது ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கில் தானாக ஏறும். முன்னுக்கே கட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் காசு அறைக்காரனுக்கு மட்டும் இல்லை. சாப்பாடு பரிமாறுகிறவர், கோப்பை கழுவுகிறவர், கீழே சலவை செய்கிறவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. சம்பளம் என்று வருவது சின்னத் தொகை, வீட்டுக்கு அனுப்புவது இந்தப் பங்கைத்தான். பயணிக்கு விருப்பமில்லை என்றால் கவுண்டரில் ஒரு காரணம் சொல்லிக் கழிப்பிக்கலாம். எங்கள் கப்பலில் ஒரு சட்டம் இருந்தது. கணக்கில் கட்டின பயணி, மேலதிகமாய்க் கையில் ஏதும் தந்தால் அது உன்னுடையது. கழிப்பித்துவிட்டுக் கையில் தந்தால் அது பொதுக் காசு, கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். ஒளித்தால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கி விடுவார்கள்.

ஒரு முறை சித்திரை வருசப்பிறப்பு கடலில்தான் வந்தது. என் நடையில் ஒரு அறைக்குப் புதிதாய் வந்த பயணிகள் ஒரு வயதுபோன சோடி. கதவைத் தட்டித் திறந்தால் உள்ளே நல்லெண்ணெய் மணம். அந்த அம்மா என் சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தா.

"குகதாசன்... இஞ்சாருங்கோ, இது எங்கடை பிள்ளை! தம்பி, எவ்விடம் நீர்?"

"அரியாலை அம்மா."

"ஐயோ, நாங்கள் அச்சுவேலி! இஞ்சாருங்கோ, அரியாலையாம்!"

"எனக்குக் காது கேக்குதப்பா" என்றார் ஐயா. அவர் முந்தி ஊரில் பஸ் கொண்டக்ரராக இருந்தவர். பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டு, வருசப்பிறப்புக்கு இரண்டு பேரையும் கப்பலில் ஏற்றி விட்டிருந்தார்கள். கப்பலுக்குள் தமிழ் கதைக்க ஆளில்லாமல் வாய் புளித்துப்போய் இருந்தார்கள். என்னைக் கண்டதில் அவர்களுக்கு ஊரே வந்தது மாதிரி.

அங்கேதான் என் கஷ்டகாலம் தொடங்கினது. அடுத்த நாள் காலமை போகிறேன், கட்டில் விரித்துக் கிடக்குது. பாத்றூம் கழுவிக் காய்ந்து கிடக்குது. அம்மா கையில் ஈரத் துவாயோடு நிற்கிறா.

"அம்மா, இதென்ன வேலை? நான் செய்யிறதெல்லோ இது!"

"நீர் பேசாமல் இரும். எங்கடை பிள்ளையைக் கக்கூஸ் கழுவ விட்டிட்டு நான் கட்டிலிலை இருந்து பார்க்கிறதோ? இரும், இந்தக் கதிரையிலை இரும். முறுக்கு இருக்கு, சாப்பிடும்."

"சுப்பவைசர் கண்டால் என்னை ஏசுவா அம்மா."

"ஏசினால் என்னட்டைச் சொல்லும், நான் கதைக்கிறன்" என்றா. எந்தப் பாஷையில் கதைப்பா என்று நான் கேட்கவில்லை.

அம்மா விரிக்கிற விரிப்பு எங்கடை வீட்டு விரிப்பு. நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் சுருட்டித் தள்ளினால் சரி. கப்பலில் மூலையைக் கடித உறை மடிக்கிற மாதிரிக் கோணம் பிடித்து மடிக்க வேண்டும். நான் திரும்ப விரிக்க வெளிக்கிட்டால் அம்மாவுக்கு மனம் நோகும். அவர்கள் சாப்பிடப் போன பிறகு ஓடிப்போய்த் திருத்துவேன். ஆனால் சில நாள் எனக்கு முதல் லோர்னா போய்விடுவா. அந்த அறையில் மட்டும் தலைமாட்டு லைற் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பயணம் முழுக்க அப்படித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவேன்? ஊரவர் அன்பு மிஞ்சி என் வேலையைப் பறிக்கிறார்கள் என்று முறைப்பாடு வைக்கிறதோ?

கடைசிப் பின்னேரம் கட்டில் திறந்து வைக்கப் போனபோது இரண்டு பேரும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு எனக்காக நிற்கிறார்கள். ஐயாவின் கையில் ஒரு உறை. அதற்குக் கீழே ஒரு பச்சை இலை.

"வருசத்துக்குக் கைவிசேடம் தம்பி. கிழக்கைப் பார்த்து நில்லும். வெத்திலைக்கு இஞ்சை எங்கை போறது? சாப்பாட்டு மேசையிலை இவதான் சலாது இலை ஒண்டு எடுத்து வந்தவ."

"கோப்பையிலை கிடந்ததிலை இது ஒண்டுதான் கிழியாமல் கிடந்தது" என்றா அம்மா. "சிரியாதையும்! வாங்கிக் கண்ணிலை ஒத்தும்."

கப்பலில் கிழக்கு எதுவென்று ஐயாவுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. யன்னலைப் பார்த்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். கைவிசேடம் என்றால் வருசப்பிறப்பில் பெரியவர்கள் ஆசீர்வதித்துத் தருகிற காசு, தாய் தகப்பன் போன பிறகு எனக்கு ஒருவரும் தந்ததில்லை. கைவிசேடத்தை உடனே பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, சாமிப் படத்தடியில் வைக்கிறதுதான். கொண்டுபோய் லொக்கரில் பிள்ளையாருக்கு முன்னால் இலையோடு வைத்தேன். என் அறையில் இருந்த இந்தோனேசியாக்காரன், பெயர் அகூஸ், எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் சாமி சலாது சாப்பிடுவாரோ?" என்று கேட்டுச் சிரித்தான். அவனுக்குக் கீழே சலவைப் பகுதியில் வேலை. சூட்டுக்குள் நின்று நின்று இரண்டு கையும் வெளுத்துச் சுருங்கிப்போய் இருக்கும்.

அடுத்த நாள் விடிய, பயணிகள் இறங்குகிற நேரம். லோர்னா என்னைத் துணி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. கதவு சாத்தினதை அதற்கு முதல் நான் கண்டதில்லை.

"உன்னுடைய அறை ஒன்றில் ரிப்ஸ் கழித்திருக்கிறார்கள்" என்றா. "காரணம், அறை துப்பரவு இல்லை. உன் பெயர் சொல்லி முறைப்பாடு பதிந்திருக்கு."

"எந்த அறை?"

சொன்னா. அச்சுவேலி அறை.

அலமாரித் தட்டைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் ஒருவன் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முறுக்குத் தந்த கை, திருநீறு பூசிக் கைவிசேடம் தந்த கை, நேற்று மாலை தந்த கை! அந்தக் கையே கவுண்டரில் போய் என்னைக் குறை சொல்லியிருக்குதா? முறைப்பாடு ஒன்று பதிந்தால் அடுத்த ஒப்பந்தம் வராது. வீட்டுக் கூரைக்கு அப்போதுதான் மரம் ஏற்றி ஓட்டுக்குச் சொல்லியிருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

லோர்னா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டா. "கையில் ஏதும் தந்தார்களா?"

நான் பிள்ளையாரை நினைத்தேன். "தந்தவை" என்றேன்.

"கொண்டு வா."

என் அறைக்கு ஓடினேன். அகூஸ் வேலை முடித்து வந்து கட்டிலில் இருக்கிறான். நடந்ததைச் சொல்லிக்கொண்டே உறையையும் வாடின சலாது இலையையும் எடுத்தேன். எனக்காகக் கவலைப்படுவான் என்று நினைத்தேன். கவலைப்பட்டான்தான், ஆனால் மெதுவாக ஒன்று கேட்டான்.

"உன்னுடைய ஆட்கள் உனக்குத் தந்திருக்கிறார்கள். அவர்களுடைய விரிப்பைத் தோய்த்தது நான். எனக்கு ஆர் தருவது?"

கோபமாய்க் கேட்கவில்லை. தண்ணி கேட்கிற மாதிரிக் கேட்டான். விடிய எனக்கு விழுந்த இரண்டாவது அடி அது. ஒரே அறையில் படுக்கிறோம், ஒரே சோறு தின்கிறோம், இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

லோர்னா இலையைப் பார்த்தா. "அவர்கள் இறங்கிவிட்டால் முறைப்பாட்டை ஒருவரும் மாற்ற முடியாது. வா" என்று முன்னுக்கு நடந்தா. நான் பின்னால். பயணிகள் பெட்டிகளோடு தங்கள் முறை வரும்வரை இருக்கிற மண்டபத்தில் ஒரு மூலையில் இரண்டு பேரும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் எழும்பிவிட்டார்கள், அம்மாதான் முந்திக் கேட்டா.

"தம்பி, வழியனுப்ப வந்தனீரோ? என்ன, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஐயா" என்றேன். "நான் அறை துப்பரவாய் வைச்சிருக்கேல்லை எண்டு நீங்கள் கவுண்டரிலை சொன்னனீங்களோ?"

ஐயா சிரித்தார். சிரித்தார் என்றால் நம்புவீர்களோ? "ஓ, அதுவோ! அது சும்மா தம்பி. ரிப்ஸ் எண்டு கணக்கிலை போட்டு வைச்சிருக்கிறாங்கள், கம்பனிக்காரன் தின்னுறதுக்கு. அதை எடுத்து உம்மடை கையிலை தருவம் எண்டு போனன். குறை ஏதும் இருந்தால்தான் கழிக்கலாம் எண்டு கவுண்டரிலை நிண்ட பிள்ளை சொல்லிச்சு. சரி, ஒரு சொல்லுத்தானே எண்டு சொன்னன்."

"அது என்ரை பேரிலை முறைப்பாடாய்ப் பதிஞ்சு போச்சு ஐயா. இனி எனக்கு வேலை இல்லாமல் போகப் பாக்குது."

சிரிப்பு அவர் முகத்திலேயே காய்ந்துபோச்சு. வாய் திறந்தபடி நிற்கிறார். கொண்டக்ரராய் இருந்த மனுசன், முறைப்பாடு என்றால் என்னவென்று ஆருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

"முறைப்பாடோ? உம்மிலையோ? நானோ குடுத்தனான்?" கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். "என்னிலை ஒருத்தன் சும்மா முறைப்பாடு எழுதிப்போட்டு, ஒரு மாதம் பஸ் ஏற விடேல்லை தம்பி. பிள்ளையளுக்குப் பால்மா வாங்க வழியில்லாமல் நிண்டனான். அந்த நானோ...?"

"நான் அப்பவே சொன்னனான்" என்றா அம்மா. "உங்களுக்கு வாய் சும்மா கிடவாதே! பிள்ளை கேட்டால் தலையாட்டிறது. எழும்புங்கோ, நடவுங்கோ!"

கவுண்டரில் நீட்டு வரிசை. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை, ஐயாவின் கையைப் பிடித்து நேரே முன்னுக்குக் கொண்டுபோய் விட்டா. ஐயா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தன்னுடைய இங்கிலிசில், "முறைப்பாடு இல்லை. இவன் என் மகன். நான் சொன்னது பொய்" என்றார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். கவுண்டர் அதிகாரி, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கிறார். ஐயா திரும்பத் திரும்ப அதே மூன்று வசனம்தான். நகர்கிறார் இல்லை.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தா. அதிகாரியைப் பார்த்து விரலை நீட்டித் தமிழில் தொடங்கினா. "அறை ஊத்தை எண்டால் அது என்ரை பிழை! இந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் துடைக்க விடேல்லை. நான்தான் கூட்டினனான், நான்தான் கழுவினனான், நான்தான் விரிச்சனான்! தம்பி, சொல்லும் அவருக்கு!"

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். மொழிபெயர்க்க வேறு ஆளில்லை. பயணி தன் அறையைத் தானே கழுவினா என்று என் வாயாலேயே, என் சுப்பவைசருக்கு முன்னால் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அதிகாரி லோர்னாவைப் பார்த்தார். லோர்னா அம்மாவைப் பார்த்தா. பிறகு என்னிடம் கேட்டா: "அப்போ அந்தக் கட்டில் மூலைகள் இவ விரித்ததா?"

"ஓம்."

"உன்னுடைய மடிப்பு இல்லையே என்று யோசித்தேன்" என்றா. அவ்வளவுதான். அதிகாரியிடம் திரும்பி, அறையில் குறை இல்லை, தான் பார்வையிட்டதாகச் சொன்னா. முறைப்பாட்டை எடுத்தார்கள். ஆனால் கணக்கு அதிகாலையே மூடியாச்சு, கழித்த காசைத் திரும்பப் போட வழி இல்லை. அதனால் உறை பொதுக் காசுக்குத்தான் போக வேண்டும்.

அதைச் சொன்னதும் அம்மாவுக்கு நெஞ்சில் கை போச்சு. "கைவிசேடத்தைப் பறிக்கிறதோ? வருசக் காசு தம்பி! அதை ஆருக்குக் குடுக்கினம்?"

"எல்லாருக்கும் பங்கு போகும் அம்மா. உங்கடை விரிப்புத் தோய்ச்ச பிள்ளைக்கும் போகும்."

"அது ஆர் பிள்ளை? நாங்கள் காணேல்லையே?"

"அவையை ஒருத்தரும் காணுறேல்லை அம்மா. கீழை நிக்கிறவை."

அம்மா நிலத்தைப் பார்த்தா. காலுக்குக் கீழே ஆரோ நிற்கிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டது மாதிரி. "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றா மெல்ல. "அப்ப அந்தப் பிள்ளைக்குப் போகட்டும். வருசத்திலை அதின்ரை வாயிலை மண்ணைப் போட்டிட்டம்."

லோர்னா முறைப்படி எல்லாருக்கும் முன்னால் உறையைப் பிரித்தா. டொலர் தாள்கள். அவற்றுக்கு நடுவில் மஞ்சள் பூசின எங்கள் நாட்டு ஒரு ரூபாய் நாணயக் குத்தி ஒன்று. தாள்களைப் பொதுக் காசு உறைக்குள் போட்டா. குத்தியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது இந்தக் கப்பலில் செல்லாது" என்று என் கைக்குள் வைத்தா.

அவர்களுடைய முறையைக் கூப்பிட்டார்கள். ஐயா என் தோளில் கை வைத்தார். இறங்குகிற பாதையில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்பாய் ஒரு காரியம் செய்யப்போய், அது ஒருவன் கழுத்தில் கயிறாய் விழுந்ததைக் கண்ட முகம்.

மத்தியானத்துக்குள் புதுப் பயணிகள் வந்துவிடுவார்கள். அறைகள் எல்லாம் உரித்துக் கழுவி விரித்தேன். லோர்னா பார்வையிட்டுப் போன பிறகு கடைசியாய் ஒருக்கால் நடையால் போனேன். எல்லா அறையும் இருட்டு. அச்சுவேலி அறையில் மட்டும் கண்ணாடிக்கு மேல் லைற் எரியுது.

கண்ணாடியைத் துடைத்தனானே! கிட்டப் போய்ப் பார்த்தேன். வலது பக்க ஓரத்தில், விளிம்போடு ஒட்டினபடி, ஒரு சிவப்பு ஒட்டுப் பொட்டு. முகம் கழுவும்போது எங்கடை பெண்கள் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டி வைப்பார்களே, அது. அம்மா அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறா. லோர்னா பிழை என்று போட்ட லைற்றோ, எனக்குக் காட்டப் போட்ட லைற்றோ, நான் கேட்கவில்லை. நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்துக்கொண்டுபோய் லொக்கரில் பிள்ளையார் படத்தின் ஓரத்தில் ஒட்டினேன். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த ஒப்பந்தம் வந்தது. வீட்டுக்கு ஓடு போட்டேன். ஓய்வுபெறும்வரை அந்த நடையிலேயே வேலை செய்தேன். குத்தி இப்போது எங்கள் சாமி அறையில் இருக்குது.

இதைத்தான் கிணற்றுக் கட்டில் இருந்தபடி சொன்னேன். அந்த ஐயா அறியாமல் செய்தவர். இன்றைக்கு அதையே ஒரு கெட்டித்தனமாய்க் குரல் பதிவு போட்டு, சிரித்து, ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். என் பிள்ளையின் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

"மாமா" என்றார் மருமகன் கடைசியில். "நான் இதைக் கம்பனியோடை உள்ள பிரச்சினை எண்டுதான் நினைச்சனான்."

"அந்த ஐயாவும் அப்பிடித்தான் நினைச்சவர் தம்பி."

மகள் விம்மினாள். "கக்கூஸ் கழுவினதெண்டு நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே அப்பா."

"நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லையே பிள்ளை. அதை விடு. ரிப்ஸை முன்னுக்கே கட்டு. இண்டைக்கே கட்டு. கட்டினால் அதைப் பற்றி நீயும் யோசிக்கத் தேவையில்லை, அவங்களும் உன்ரை முகத்தைப் பார்த்துப் பயப்பிடத் தேவையில்லை. அதுக்கு மேலை கையிலை குடுக்க ஆசையெண்டால் குடு, அது உன்ரை சந்தோசம். கட்டிலை மட்டும் நீ விரியாதை."

அவர்கள் கப்பல் ஏறின அடுத்த கிழமை மகளே எடுத்தாள். இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். முன்னுக்கே கட்டினதாம், மருமகன் அந்தக் குறூப்பில் என் கதையைச் சொல்லி ஒரு பதிவு போட்டாராம், இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்களாம். அறைக்காரப் பிள்ளை மடகஸ்கார் நாட்டவனாம். பேரப்பிள்ளைகளுக்குத் துவாயில் ஆமை செய்து கொடுத்தானாம். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை," என்றேன், "இறங்கேக்கை பாத்றூம் கண்ணாடியைப் பார்த்தனியோ?"

"ஏனப்பா?"

"பொட்டு."

"ஐயோ அப்பா" என்றாள். "விட்டிட்டு வந்திட்டன்."